இருநூற்று ஒன்பது சிரிப்பு முகங்கள்

அத்தியாயம் 9

போன வாரம் ட்ரூடி ஒரு குப்பைப் பையைத் தூக்கியதோடு நிறுத்தியிருந்தோம். துப்புரவு பார்க்கும் ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால், பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறைப் பையை அவளே பின்வாசலுக்கு இழுத்துப் போனாள். வழியில் அடி கிழிந்தது. கொட்டியதெல்லாம் ஆரஞ்சு நிறம். வெண்ணெய் போட்டு, கை வலிக்க வலிக்க அவள் மசித்த பரங்கிக்காய்.

அன்று மாலையே கல்வி அலுவலகத்தின் கடிதமும் வந்தது. வியாழக்கிழமை ஒருவர் தராசோடு வருவார். பரிமாறிய காய்கறியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குப்பைக்குப் போனால், ஜனவரியிலிருந்து எல்க் மார்ஷ் தொடக்கப்பள்ளியில் சமையல் கிடையாது. உறைய வைத்த பெட்டிச் சாப்பாடு லாரியில் வரும். சூடு பண்ணிக் கொடுக்க ஓர் ஆள் போதும்.

பதினோரு வருடமாக அந்தச் சமையலறை ட்ரூடி டோர்க்கல்சனுடையது. பொரித்த உருளைக்கிழங்கும் பீட்சாத் துண்டுமாக இருந்த இடத்துக்கு நிஜமான காய்கறியைக் கொண்டுவந்தவள் அவள். அதற்காக யாரிடமும் சண்டை போடவில்லை. எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் சண்டை போடுவதில்லை. அதுதான் எங்கள் ஊரின் பெருமை, அதுதான் எங்கள் ஊரின் வியாதி.

இன்று வியாழக்கிழமை.

*

காலை ஆறு மணிக்கு டுவைன் பனி அள்ளும் லாரியை வாசலில் நிறுத்திவிட்டு, பூட்ஸை உதறிக்கொண்டு உள்ளே வந்தான். நெடுஞ்சாலையில் முதல் சுற்று முடிந்திருந்தது. ட்ரூடி முட்டையோடு ஒரு கரண்டி பரங்கி மசியலையும் கணவனின் தட்டில் வைத்தாள்.

"பட்டைத் தூளக் கொறச்சிட்டேன். மேப்பிள் பாகு கொஞ்சம் கூட. எப்படி இருக்கு?"

டுவைன் ஒரு வாய் வைத்தான். மென்றான். ஜன்னலைப் பார்த்தான்.

"மோசமில்ல."

எங்கள் ஊரில் அது பெரிய பாராட்டு. கல்யாணத்தன்று வெள்ளை கவுனில் வந்து நின்ற ட்ரூடியைப் பார்த்தும் அவன் அதைத்தான் சொன்னான்.

மேசைக்கு அடியில் ஓலி என்ற கிழட்டு நாய் வாலை ஆட்டிக்கொண்டு படுத்திருந்தது. செப்டம்பரிலிருந்து அதற்கு உடம்பு ஏறிக்கொண்டே போகிறது. கால்நடை டாக்டர் பிஸ்கட்டைக் குறைக்கச் சொன்னார். ட்ரூடி அறவே நிறுத்தினாள். அப்படியும் இரண்டு பவுண்டு ஏறியது.

மகள் மேரன் எதிரே உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தாள். பத்து வயது, ஐந்தாம் வகுப்பு, அம்மா சமைக்கும் அதே பள்ளி. அப்பாவின் அமைதி, அம்மாவின் பிடிவாதம்.

"அம்மா, இன்னைக்கு வர்றவரு எதை எடை போடுவாரு?"

"மிச்சச் சாப்பாடு கொட்டற தொட்டிய."

"பால?"

"மிச்சப் பால நீங்கதான் வாளில ஊத்திடுவீங்களே. அது வேற. காலிக் காகித டப்பா தனிப் பைக்குப் போயிடும். ஏன் கேக்கற?"

"சும்மாதான். இன்னைக்கு தொட்டிகிட்ட நிக்கற மொற எங்க வகுப்புக்கு."

ட்ரூடி மகளின் முகத்தைப் பார்த்தாள். கேட்டுவிட வேண்டும் என்று ஒரு வாரமாக நாக்கு நுனியில் இருந்தது வெளியே வந்துவிட்டது.

"மேரன், உண்மையச் சொல்லு. பசங்களுக்கு மசியல் பிடிக்கலையா?"

"பிடிக்கும்மா. நல்லாதான் இருக்கு." மேரன் குனிந்து பூட்ஸின் கயிற்றை இழுத்துக் கட்டினாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

குளிர்பெட்டியின் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 209 என்று பச்சை மையில் பெரிதாக எழுதியிருந்தது. செப்டம்பரில் ட்ரூடி பள்ளியில் நடத்திய ருசித் தேர்தலின் முடிவு அது. சின்னக் காகிதக் கிண்ணத்தில் ஆளுக்கு ஒரு வாய் மசியல். கையில் ஒரு பரங்கி விதை. பிடித்தால் சிரிப்பு முகம் ஒட்டிய ஜாடியில் போட வேண்டும், பிடிக்காவிட்டால் அழுமூஞ்சி ஜாடியில். இரண்டு ஜாடிக்கும் நடுவில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்போடு ட்ரூடியே நின்றாள். பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் இருநூற்று ஒன்பது விதை சிரிப்பு முகத்தில் விழுந்தது. அன்றைக்கு அவள் கால் தரையில் பாவவில்லை.

இருநூற்று ஒன்பது பேருக்குப் பிடித்தது எப்படிக் குப்பைக்குப் போகும்? அதுதான் அவளுக்குப் புரியவில்லை. பாகைக் கூட்டினாள், பட்டையைக் குறைத்தாள், வெண்ணெயை மாற்றினாள். கேட்ட இடத்திலெல்லாம் நல்லாருக்கு, நல்லாருக்கு என்றுதான் பதில் வந்தது.

*

ஒன்பது மணிக்கு ரோண்டா சமையலறைக்கு வந்தாள்.

ரோண்டா லிண்ட்க்விஸ்ட், டுவைனின் அக்கா. அதாவது ட்ரூடிக்கு நாத்தனார். கூடவே இந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை. வீட்டில் அத்தை என்று அழைக்கும் மேரன், பள்ளி வாசலைத் தாண்டினால் மிசஸ் லிண்ட்க்விஸ்ட் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படி ஒரு கண்டிப்பு.

மேசையில் நேற்றைய ஆசிரியர் கூட்டத்தில் மிஞ்சிய எலுமிச்சை கேக் தட்டு இருந்தது. ஒரே ஒரு துண்டு. கடைசித் துண்டை எடுப்பவர் எங்கள் ஊரில் பிறக்கவில்லை. ஒருவர் அதைப் பாதியாக வெட்டி எடுத்திருந்தார், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. இப்போது தபால் தலை அளவுக்கு வந்திருந்தது. ரோண்டாவும் கத்தியை எடுத்து அதை இன்னும் இரண்டாக்கி, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.

"பனி நல்லா விழுந்திருக்கு" என்றாள்.

"ஆமா, நல்லாவே."

"டுவைன் லாரிய எடுத்துட்டானா?"

"நாலு மணிக்கே போயிட்டாரு."

இதெல்லாம் முன்னுரை. இரண்டு பேருக்கும் தெரியும். காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோண்டா விஷயத்துக்கு வந்தாள்.

"பதினோரு மணிக்கு அவரு வந்துடுவாரு. கில்பர்ட்டுன்னு பேரு. ரெண்டு பந்தியும் பாப்பாரு. சமையலறை இருக்கட்டுமா வேண்டாமான்னு தலைமை ஆசிரியை கருத்துன்னு ஒரு தாள் இருக்கு. மூணு மணிக்குள்ள நான் அனுப்பணும்."

"நீங்க என்ன எழுதப் போறீங்க, ரோண்டா?"

"நான் எழுத என்ன இருக்கு. எடை என்ன சொல்லுதோ அதுதான்." கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நீ உன்னால ஆனதச் செஞ்சிருக்க" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியம் ட்ரூடிக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனதைச் செய்தாய் என்பது, ஆகவில்லை என்பதன் மரியாதை வடிவம்தானே. முகத்தில் எதையும் காட்டாமல் நாத்தனாருக்கு இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள்.

*

கில்பர்ட் நல்ல மனிதராகத்தான் இருந்தார். மழுங்க வழித்த தலை, கழுத்தில் மூக்குக்கண்ணாடி. தராசைத் தரையில் வைத்து, சாப்பாட்டுத் தொட்டிக்குப் புதுப் பை மாட்டி, பரிமாறும் மசியலை முதலில் எடை போட்டுக்கொண்டார். முதல் பந்திக்கு இருபத்தாறு பவுண்டு.

முதல் பந்தி நாலாம், ஐந்தாம் வகுப்புகள். நூறு பேருக்குக் கொஞ்சம் மேல். பரிமாறும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ட்ரூடி கரண்டியோடு நின்றாள். கோழித் துண்டு, ரொட்டி, ஆப்பிள், ஒரு கரண்டி மசியல். ஒவ்வொரு பிள்ளையும் தட்டை நீட்டி, "தேங்க்யூ மிசஸ் டோர்க்கல்சன்" என்றது. ஒருவர் பாக்கியில்லை. தங்கமான பிள்ளைகள்.

இருபது நிமிடம். அதற்குள் சாப்பிட்டு, பனிக்கால்சட்டையை மாட்டி, பூட்ஸில் காலை நுழைத்து வெளியே ஓட வேண்டும். அறையின் மறுகோடியில் மேரன் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றாள். மிச்சப் பால் வாளியில், காலி டப்பா பையில், சாப்பாடு தொட்டியில். பிள்ளைகள் வரிசையாக வந்து தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். ட்ரூடி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

பந்தி முடிந்ததும் கில்பர்ட் தொட்டியைத் தராசில் ஏற்றினார். காய்கறியைத் தனியாகப் பிரித்து மறுபடி ஏற்றினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நாலு பவுண்டு" என்றார். "மிசஸ் டோர்க்கல்சன், நான் பதினெட்டுப் பள்ளிக்கூடம் பாத்துட்டேன். பரங்கிக்கு இது மாதிரி எங்கயும் பாத்ததில்ல."

ட்ரூடிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டாள். ரோண்டா பக்கத்தில் வந்து அவள் தோளில் கையை வைத்தாள். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் நாத்தனார் தொட்டது அதுதான் முதல் தடவை.

"ரெண்டாவது பந்தி சும்மா பேருக்குத்தான்" என்றார் கில்பர்ட். ரோண்டா அவரைக் காபி குடிக்க அழைத்துப் போனாள்.

*

இரண்டாவது பந்திக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. ட்ரூடி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மேசைகளைத் துடைத்தாள். வாளிப் பாலைக் கொட்டினாள். காலி டப்பாப் பையைத் தூக்கினாள்.

பை கனத்தது.

காலி டப்பாவுக்குக் கனம் கிடையாது. நூறு டப்பாவை ஒரு கையால் தூக்கி எறியலாம். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு டப்பாவை எடுத்தாள். வாயை ஒழுங்காக மடித்து மூடியிருந்தது. பிரித்தாள். உள்ளே ஆரஞ்சு நிறம். இன்னொன்றைப் பிரித்தாள். அதிலும்.

பத்து டப்பா வரை பிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

வெளியே பனியில் கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் நடுவிலிருந்து மேரனைக் கூப்பிட்டு, சாமான் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். மேரனின் கன்னம் குளிரில் சிவந்திருந்தது. அம்மாவின் கையில் டப்பாவைக் கண்டதும் சிவப்பு காதுவரை போனது.

"யாரு சொல்லிக் கொடுத்தது?"

"நான்தான். பஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன்." மேரன் கையுறையைக் கழற்றிப் பிசைந்தாள். "அந்த ஆளு தொட்டியத்தான எடை போடுவாரு. டப்பாவ போட மாட்டாருன்னு நீதான சொன்ன."

"சாப்பிட வேண்டியதுதான?"

மேரன் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"மேரன். எம்மேல கோவமா?"

"இல்லம்மா. யாருக்கும் பிடிக்காதும்மா. ஆரம்பத்துலேர்ந்தே பிடிக்காது. கொழந்தைக்கு ஊட்டற மாதிரி கொழகொழன்னு இருக்கு. ஸ்பூன்ல அள்ளிச் சாப்பிட நேரமும் இல்ல, முதல்ல வெளிய போறவங்கதான் பனி மேட்டு உச்சியப் பிடிக்க முடியும்."

"அப்ப அந்த இருநூத்தி ஒம்பது?"

"நீ அங்கயே நின்னுட்டிருந்தியே."

ட்ரூடிக்கு முதலில் விளங்கவில்லை.

"ஜாடி பக்கத்துலயே நின்னு சிரிச்சிட்டிருந்த. உன் மூஞ்சிய பாத்துக்கிட்டு யாரும்மா அழுமூஞ்சில போடுவாங்க? அது மரியாத இல்லல்ல." மேரன் மூக்கை உறிஞ்சினாள். "நானும்தான் சிரிப்புல போட்டேன்."

"அப்பா மட்டும் தினம் சாப்பிடறார்."

மேரன் தரையைப் பார்த்தாள்.

"மேரன்?"

"ஓலி ஏன் குண்டாயிட்டே போகுதுன்னு நினைக்கற?"

ட்ரூடி அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. மூன்று மாதமாக ஒரு ஊரே சேர்ந்து அவளை அன்பாக ஏமாற்றியிருக்கிறது. கணவன், மகள், நாய் உட்பட. அவமானமாக இருந்தது. அதைவிட, பசியோடு வெளியே ஓடிய நூறு பிள்ளைகளை நினைக்க வேதனையாக இருந்தது.

"பரங்கியே பிடிக்காதா உங்களுக்கு?"

மேரன் யோசித்தாள். உண்மையை யோசிப்பது அவளுக்கும் புதுசு.

"மசிக்கறதுக்கு முன்னாடி ஓவன்லேர்ந்து எடுப்பல்ல, ஓரம் கருகி இருக்குமே. நானும் எங்க வகுப்பு இன்க்ரிட்டும் ட்ரேலேர்ந்து அதத் திருடித் தின்போம். அது பிடிக்கும். மொறுமொறுன்னு. கையாலயே எடுத்துக்கலாம்."

ட்ரூடி நிமிர்ந்தாள். நாளைய சூப்புக்காகத் தோல் சீவி, விரல் அளவுக்கு நறுக்கிய பரங்கி குளிர் அறையில் இரண்டு பெரிய பாத்திரம் நிறைய இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். முப்பத்தைந்து நிமிடம். எழுந்து நேராகப் போய் ஓவனைச் சூடேற்றினாள். பாகு இல்லை, பட்டை இல்லை. எண்ணெயும் உப்பும் மட்டும் புரட்டித் தட்டுகளில் பரப்பி உள்ளே தள்ளினாள்.

பிறகு அந்தக் கனத்த பையை எடுத்துக்கொண்டு நாத்தனாரின் அறைக்குப் போனாள்.

*

கில்பர்ட் காரிலிருந்து எதையோ எடுக்கப் போயிருந்தார். ரோண்டா தனியாக இருந்தாள். ட்ரூடி ஒரு டப்பாவைப் பிரித்து மேசையில் வைத்தாள். ரோண்டா எட்டிப் பார்த்தாள். ஒரு டப்பாவே போதுமானதாக இருந்தது.

"மேரனா?"

"ஆமா."

ரோண்டா எழுந்து கதவை மெதுவாகச் சாத்தினாள். மறுபடி உட்கார்ந்து கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"பையப் பின்வாசல்ல வெச்சிடு. எடை போட்டாச்சு, நாலுன்னு எழுதியாச்சு. நான் எதையும் பாக்கல, ட்ரூடி."

ட்ரூடி எதிர்பார்க்காதது இது. பள்ளி வாசலில் மேரனைக்கூட அத்தை என்று சொல்லவிடாத ரோண்டா, தம்பி மனைவிக்காகக் கண்ணை மூடிக்கொள்ளத் தயாராக இருக்கிறாள். அது பாசம்தான். எங்கள் ஊர்ப் பாசம் எப்போதும் இப்படி, எதையாவது சொல்லாமல் விடுவதாகத்தான் இருக்கும். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சமையலறை பிழைத்துவிடும்.

"நான் பாத்துட்டேனே" என்றாள் ட்ரூடி.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியும். எல்லாரும் என் நல்லதுக்குத்தான் டப்பால அடைச்சாங்க. சமையலறை எங்கிட்டயே இருக்கும், நான் மசிச்சுக்கிட்டே இருப்பேன், அதுங்க அடைச்சுக்கிட்டே இருக்கும். யாருக்காக?"

ரோண்டா டப்பாவை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"மேரன் இத எங்க கத்துக்கிட்டான்னு யோசிச்சுப் பாத்தேன். எங்கிட்டதான். பதினஞ்சு கிறிஸ்மஸா உங்க பச்சை ஜெல்லிய ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிடறேன். அந்த சீவின கேரட்டெல்லாம் போட்டது." ட்ரூடி மூச்சை இழுத்துக்கொண்டாள். "எனக்கு அது பிடிக்காது, ரோண்டா."

ரோண்டாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"கேரட் பிடிக்கலையா?" என்றாள் கடைசியில்.

"மொத்தமாவே."

கதவு தட்டும் சத்தம். கில்பர்ட் உள்ளே வந்தார். இரண்டு பெண்களையும் பார்த்தார், மேசையிலிருந்த டப்பாவைப் பார்த்தார்.

"மிஸ்டர் கில்பர்ட், தராச மறுபடி எடுக்கணும்" என்றாள் ட்ரூடி.

*

நூற்றுச் சொச்சம் டப்பாக்களை மூன்று பேரும் நின்றுகொண்டே பிரித்தார்கள். ரோண்டாவும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பிரித்தாள். தொட்டியில் விழுந்த நாலையும் சேர்த்துப் பத்தொன்பது பவுண்டு. கில்பர்ட் நாலை அடித்துவிட்டுப் பத்தொன்பது என்று எழுதினார். அவருக்கே கை வரவில்லை.

"நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியும்ல" என்றாள் ட்ரூடி. அதற்குள் ஓவன் மணி அடித்தது.

இரண்டாவது பந்தி சின்னப் பிள்ளைகள், தொண்ணூறு பேர். ஓரம் பழுப்பேறிய பரங்கித் துண்டுகளைத் தட்டுத் தட்டாக வைத்தாள். இந்தத் தடவை யாரிடமும் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு ஜாடிகளையும் கோட்டு மாட்டும் நடைபாதையில், பெரியவர்கள் யாரும் நிற்காத மூலையில் வைத்துவிட்டாள். ஆளுக்கு ஒரு விதை. அவள் சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

பந்தி முடிந்ததும் நடைபாதைக்குப் போய் ஜாடிகளைத் தூக்கி வந்தாள். சிரிப்பு முகத்தில் ஐம்பத்தொன்று. அழுமூஞ்சியில் முப்பத்தாறு. மூன்று விதைகளை யாரோ தின்றிருக்க வேண்டும், கணக்கில் வரவில்லை. அந்த முப்பத்தாறு விதைகளையும் அவள் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். வலிக்கும் என்று நினைத்தாள். வலிக்கத்தான் செய்தது, ஆனால் ஐம்பத்தொரு பேர் நிஜமாகச் சிரித்திருக்கிறார்கள் என்பதை அந்த முப்பத்தாறுதான் அவளுக்கு நம்ப வைத்தது.

இருபத்திரண்டு பவுண்டு பரிமாறியதில் ஏழு பவுண்டு தொட்டியில் விழுந்திருந்தது. இந்தத் தடவை கில்பர்ட் டப்பாக்களையும் பிரித்துப் பார்த்துவிட்டார். மூன்றில் ஒரு பங்குக்கு மயிரிழையில் கீழே.

"ரெண்டு பந்தியும் சேத்தா தேறாது" என்றார் கோட்டை மாட்டிக்கொண்டே. "ரெண்டு கணக்கையும் அப்படியே கொடுத்துடறேன். இதுக்கு மேல தலைமை ஆசிரியை எழுதறதுதான்." ரோண்டாவின் பக்கம் திரும்பித் தலையை அசைத்துவிட்டு, பனியில் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

*

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ரோண்டா அந்தத் தாளோடு சமையலறைக்கு வந்தாள். நிரப்பவில்லை. ட்ரூடி ஓவன் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மேசையில் ஒரு தட்டு மட்டும் மிச்சம், அதில் ஒரே ஒரு துண்டு பரங்கி.

இரண்டு பேரும் அந்தத் துண்டைப் பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை.

"அது எங்க அம்மா சொன்ன செய்முறை" என்றாள் ரோண்டா. "அந்த ஜெல்லி."

"தெரியும்."

"அவங்க செஞ்சப்பவே எனக்கும் பிடிக்காது." இதைச் சொல்ல ரோண்டாவுக்கு நேரம் பிடித்தது. "செப்டம்பர்ல நானும் ஒரு விதை போட்டேன், ட்ரூடி. ஆசிரியருங்களயும் போடச் சொன்னியே."

எந்த ஜாடியில் என்று ட்ரூடி கேட்கவில்லை. சிரிப்பு முகத்தில்தான் என்று கேட்காமலே தெரிந்தது.

அந்த நேரத்தில் மேரன் முதுகில் பையோடு உள்ளே வந்தாள். அழுதது முகத்தில் இன்னும் தெரிந்தது. அம்மாவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். தனக்குத் திட்டு விழப் போகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நின்று நின்று, சும்மா இருக்க முடியாமல், கையை நீட்டி அந்தக் கடைசித் துண்டை எடுத்தாள். பாதியாக வெட்டவில்லை. முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.

ரோண்டா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

மேரன் மென்றாள். ட்ரூடி உதட்டைக் கடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தாள்.

"அம்மா" என்றாள் மேரன். "நல்லாருக்கு. ஆனா உப்பு ஜாஸ்தி."

பத்து வருடத்தில் அந்த வீட்டில் பிறந்த பிள்ளை அம்மாவின் சமையலில், யாரும் கேட்காமலே சொன்ன முதல் குறை அது. சொன்னபின் தானே பயந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ட்ரூடிக்குக் கண் நிறைந்துவிட்டது. மகளை இழுத்து ஏப்ரனோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

ரோண்டா சிறிது நேரம் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றிக்கொண்டே தன் அறையை நோக்கி நடந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. என்ன எழுதப் போகிறாள் என்று ட்ரூடி பின்னால் போய்க் கேட்கவில்லை.

கடிகாரத்தில் மூன்று அடிக்க இன்னும் நாலு நிமிடம் இருந்தது. அவள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, நாளைய சமையல் தாளில் பரங்கிக்கு எதிரே, உப்பைக் குறைக்கணும் என்று எழுதி வைத்தாள்.